கடல்பாசிப் பை

உமர் பாருக் பாய் தன் வீட்டு முன்ரூமை யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை என்று தீர்மானம் செய்தார். தீர்மானத்தை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். வெளியே சொன்னால் ரஃபியாவின் காதில் விழும். அவள் காதில் விழுந்துவிட்டால் அது தீர்மானமாக இருக்காது, விண்ணப்பமாகிவிடும்.

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் அவருக்குக் கடை. பாலிதீன் கவர், பேப்பர் கப்பு, தாம்பூலப் பை, பார்சல் கட்டுகிற சணல் என்று பொட்டலம் சம்பந்தப்பட்ட சகலமும் கிடைக்கும். கடையில் உட்கார்ந்தால் கெட்டிக்கார வியாபாரி. வீட்டுக்கு வந்து கைலிக்கு மாறினால் விஞ்ஞானி. அந்த விஞ்ஞானம் முழுக்க முன்ரூமில்தான் குடியிருந்தது. மலைக்கு மேலே வெனிலா விலை ஏறியபோது ஆசைப்பட்டு வாங்கிய காய்கள், விலை சரிந்த நாளிலிருந்து பாட்டில்களில் ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் முயல் கூண்டு. முயல்கள் எப்போதோ கெங்குவார்பட்டிக்காரர் ஒருவரோடு போய்விட்டன. கூண்டு மட்டும் விசுவாசமாகத் தங்கிவிட்டது. காளான் வளர்த்த பைகள், மெழுகுவர்த்தி அச்சு, ஒரு கால் ஆடுகிற மேஜை எல்லாம் அங்கேதான். வீட்டிலேயே நல்ல வெளிச்சமும் தெருவைப் பார்த்த ஜன்னலும் உள்ள அறை அதுதான்.

ரஃபியாவின் தையல் மெஷின் அடுப்படியில் இருந்தது. கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் அதற்கு இடம். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுத் துணியில் சால்னா தெறித்து, அந்தப் பெண்ணின் அம்மா போட்ட சத்தம் உத்தமபாளையம் வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்த வீட்டுப் பவுனுவும் ரஃபியாவும் சேர்ந்துதான் தைத்தார்கள். தைக்கக் கொடுப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். பவுனுவும் ஒரு மெஷின் போட்டுவிட்டால் சமாளிக்கலாம். போடத்தான் இடமில்லை.

இதற்காக ரஃபியா சண்டை போட்டதே கிடையாது. காலையில் தேத்தண்ணீர் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "முயலுக திரும்பி வருதுன்னு ஏதும் தாக்கல் வந்துச்சா?" சண்டையாக இருந்தால் பாய் பதில் சொல்லியிருப்பார். இது அக்கறையான விசாரிப்பாக இருந்ததால் தேத்தண்ணீரைத்தான் குடிக்க வேண்டியிருந்தது.

அந்த வருஷம், 2009, நோன்புக்கு முன்னால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஒரு அறிவிப்பு வந்தது. மெல்லிசு பிளாஸ்டிக் கவர்களை யாரும் விற்கக் கூடாது. பாய் அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஜமாஅத்திலிருந்து வந்த சேதிதான் அவரை உலுக்கியது. பெருநாளைக்கு முன்னால் ஏழைகளுக்குக் கொடுக்கிற ஃபித்ரா அரிசியை வருஷா வருஷம் அவர் கடைக் கவரில்தான் போட்டுக் கொடுப்பார்கள். போன வருஷம் அந்தக் கவரெல்லாம் போய்ப் பள்ளிவாசல் சாக்கடையை அடைத்து, அதில் வழுக்கி விழுந்தது வேறு யாருமில்லை, ஜமாஅத் செயலாளர் முஜிபுர் ரஹ்மானேதான். வெள்ளைத் தாடியும் வெள்ளை ஜிப்பாவுமாகச் சாக்கடைக்குள் போனவர், எழுந்து வரும்போதே முடிவெடுத்துவிட்டார். இந்த வருஷம் பாலிதீன் கிடையாது. வேறு என்ன பை என்று அவருக்கும் தெரியவில்லை.

பாய் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த ஒருநாள் பயிற்சிக்குப் போனார். அங்கே ஒரு பேராசிரியர் கண்ணாடி மாதிரி ஒரு தாளைத் தூக்கிக் காட்டி, இது கிழங்கு மாவிலும் கடல்பாசியிலும் செய்தது என்றாராம். திரும்பி வரும் வழி முழுக்க, பஸ் ஆண்டிபட்டியைத் தாண்டி, தேனியைத் தாண்டி வரும்வரைக்கும், பாய் ஒரே வார்த்தையை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் அவர் தஸ்பீஹ் ஓதுகிறார் என்று மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அது வெளியே வந்துவிட்டது.

"பாலிசாக்கரைடு."

"யாருக்கு?" என்றாள் ரஃபியா. அவள் அதை ஏதோ புதுக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

பாய் கைலிக்கு மாறினார். அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டு பாடத்தை ஆரம்பித்தார். பவுனு ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தாள், ரஃபியா மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"நோயில்ல, சரக்கு. அரிசியில இருக்கு, கப்பைக் கெழங்குல இருக்கு, கடல்பாசியில இருக்கு. அதுல பை செய்யலாம். மண்ணுல போட்டா மக்கிரும். மாடு தின்னா மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. மனுசனே திங்கலாம்."

"புளியங்கொட்டையிலண்ணே?" என்றாள் பவுனு.

"அதுலயும் இருக்கு."

"வாழநாருல?"

"இருக்கு."

ரஃபியா மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். "பஞ்சுல?"

"பஞ்சு முழுக்க அதான். செல்லுலோசுன்னு பேரு. எல்லாம் ஒரே வம்சம்."

"அப்ப நீங்க கட்டியிருக்க கைலி?"

"பாலிசாக்கரைடுதான்."

"மண்ணுல போட்டா மக்குமா?"

"மக்கும். ஆனா இப்ப நான் கட்டியிருக்கேன்."

பவுனு குனிந்து சிரித்தாள். ரஃபியா சிரிக்கவில்லை. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் நன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பாய்க்குத் திருப்தி.

அந்தத் திருப்தியில்தான் அவர் பந்தயம் கட்டினார். யாரும் கட்டச் சொல்லவில்லை. ஃபித்ரா அரிசிக்கு இந்தப் பைதான் போகப்போகிறது, அதைச் செய்ய முன்ரூம் வேண்டும், இனிமேல் முயல் பேச்சே எடுக்கக் கூடாது என்றார். அதையெல்லாம் ஒரே வாக்கியமாகச் சுருக்கிச் சத்தமாகவும் சொன்னார்.

"பெருநாளைக்குள்ள பாலிசாக்கரைடு பைக்கு ஆர்டர் வந்துருச்சுன்னா முன்ரூமு பை வேலைக்கு. வரலேன்னா உன் மெஷினுக்கு. அதுக்கப்பறம் பேச்சு கூடாது."

"பவுனு, கேட்டுக்கிட்டியா?" என்றாள் ரஃபியா.

"கேட்டுக்கிட்டேங்க்கா. வந்தா பை வேலைக்கு, வரலேன்னா மெஷினுக்கு."

"எனக்குச் சம்மதம்," என்று சொல்லிவிட்டு ரஃபியா மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. பாய் அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம். அன்று அவருக்கு யோசிக்க வேறு நிறைய இருந்தது.

நோன்பு பிறந்தது. ஆராய்ச்சியும் பிறந்தது. குமுளிச் சந்தையிலிருந்து கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்கு மாவு வந்தது, மருந்துக்கடையிலிருந்து கிளிசரின் வந்தது. கடல்பாசி மட்டும் எங்கேயும் போய் வாங்க வேண்டியிருக்கவில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்குக் காய்ச்சிக் கொடுப்பதற்காக மாசம் முழுவதற்கும் சேர்த்து ரஃபியா வாங்கி வைத்திருந்த கடல்பாசி, அலமாரியின் மேல்தட்டில் வெள்ளை வெளேரென்று கண்ணில் பட்டது.

ரெண்டாம் நோன்பன்று அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"இங்கன இருந்த கடல்பாசி எங்க?"

"ஆராய்ச்சிக்குப் போயிருச்சு."

"எப்ப வரும்?"

"பையா வரும்."

ரஃபியா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதற்கும் சண்டை இல்லை. பாய்க்கு அது கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. ஆனால் நோன்பு மாசம், அப்படித்தான் இருப்பாள் என்று விட்டுவிட்டார்.

மாவையும் பாசியையும் சேர்த்துக் கூழாகக் காய்ச்சி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சகன் தட்டுகளில் மெல்லிசாக ஊற்றி, மொட்டைமாடியில் காயவைக்க வேண்டும். காய்ந்தால் தோல் மாதிரி உரிந்து வரும் என்பது பேராசிரியர் சொன்னது. அவர் கம்பத்துச் சாரலைப் பார்த்ததில்லை. கேரளாப் பக்கமிருந்து மலை தாண்டி வருகிற அந்த மழை, மழையாகவும் பெய்யாது, நிற்கவும் செய்யாது; முகத்தில் பன்னீர் தெளிக்கிற மாதிரி வந்துகொண்டே இருக்கும். முதல் தட்டு காயவே இல்லை. ரெண்டாவது காய்ந்தது, தட்டை விட்டு வரமாட்டேன் என்றது. மூன்றாவதை ஒரு காக்கா கொத்திப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மாடியில் போய் அலகைச் சுவரில் தேய்த்தது. நாலாவது தட்டிலிருந்து, அல்லாவின் கிருபையில், ஒரு தாள் உரிந்து வந்தது. வெயிலுக்கு நேரே பிடித்தால் சுருளி மலை தெரிந்தது. பாய்க்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அதைப் பையாக ஒட்டுவது அடுத்த கஷ்டம். பாலிதீனை மெழுகுவர்த்தி ஜுவாலையில் காட்டி ஒட்டிப் பழகிய கை. பழக்கதோஷத்தில் இதையும் காட்டினார். தாள் ஒட்டவில்லை, சுருண்டு அப்பள வாசம் அடித்தது. நோன்பு பிடித்திருக்கிற நடு மத்தியானத்தில் அந்த வாசம் ரொம்பப் பெரிய சோதனை. கடைசியில் கஞ்சிப் பசையால் ஒட்டினார். ஒட்டிக்கொண்டது. ரஃபியாவே ஒருநாள் வந்து ஓரத்தை எப்படி மடித்தால் பிரியாது என்று காட்டிக் கொடுத்தாள். சகன் தட்டைத் தேய்த்தும் கொடுத்தாள். ஒரு பையில் அரிசியைக் கொட்டித் தூக்கிப் பார்த்தபோது பை தாங்கியது. "நல்லாத்தாங்க இருக்கு," என்று அவள் வாயாலேயே சொன்னாள். பாய் அன்றைக்கு இரண்டு மடங்கு கஞ்சி குடித்தார்.

பாதி நோன்பு போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து, செயலாளர் முஜிபுர் ரஹ்மானை வீட்டுக்கு அழைத்து வந்தார் பாய். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டையரானவர் அவர். எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். அந்த வேலையில் இருந்தும் அந்தப் பழக்கத்தோடு அவர் உயிரோடு ரிட்டையரானதே பெரிய விஷயம் என்று ஊரில் சொல்வார்கள். முன்ரூமில் ஆடுகிற மேஜைக்குக் கீழே அட்டையை மடித்து வைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, அதன் நடுவில் ஒரு கடல்பாசிப் பையில் ஃபித்ரா அளவு அரிசியை நிரப்பி வைத்திருந்தார் பாய். ஜன்னல் வெளிச்சத்தில் பை மின்னியது. உள்ளே இருந்த அரிசிகூடக் கொஞ்சம் உயர்ந்த ரகமாகத் தெரிந்தது.

செயலாளர் தட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். சாக்கடையில் விழுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். அவருக்கு அதுதான் முக்கியம்.

"கரைஞ்சு போயிரும் செக்ரட்டரி பாய். சாக்கடையென்ன, மனுச வயித்துலயே கரையும். இந்தாங்க, ஒரு துண்டு வாயில போட்டுப் பாருங்க."

செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா பாருக், நான் நோன்புய்யா."

பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. தின்று காட்டுவதுதான் அவருடைய பெரிய ஆயுதம். அதை ஊரே வாயைக் கட்டிக்கொண்டிருக்கிற மாசத்தில், பட்டப்பகலில் எடுத்திருக்கிறார். தானும் நோன்பு. ரஃபியாவும் நோன்பு. அடுப்படி வாசலில் நின்ற பவுனுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வீட்டில் நோன்பில்லாத ஒரே ஆள்.

"பவுனு, நீ தின்னு காட்டுத்தா."

பவுனு சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னைக்குச் செவ்வாக்கெழமைல்லண்ணே. எனக்கு விரதம். பொழுது சாயாம பச்சத்தண்ணி பல்லுல படாது."

பவுனு செவ்வாய்க்கிழமை விரதம் இருப்பது பாய்க்குப் புதுச் செய்தி. போன செவ்வாய்க்கிழமை அவள் இதே வாசலில் நின்று வடை தின்றதாக ஞாபகம். ஆனால் அடுத்தவர் விரதத்தில் சந்தேகம் எழுப்புவது பாவம். பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தான், நோன்பு திறந்ததும் எல்லோருமே தின்று பார்க்கலாம் என்று செயலாளரை உட்கார வைத்தார். செயலாளரும் உட்கார்ந்தார். பையின் மேல் அவருக்குப் பிரியம் வந்துவிட்டது தெரிந்தது. எத்தனை பை செய்ய முடியும், எப்போது கொடுக்க முடியும் என்று விசாரிக்கக்கூட ஆரம்பித்தார். பாய் மனசுக்குள் முன்ரூமுக்குப் பெயிண்டே அடித்து முடித்துவிட்டார்.

அப்போது ரஃபியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். "அண்ணே, மஃரிபுக்கு ஒளு செய்யறதுன்னா கொல்லையில தண்ணி எடுத்து வச்சிருக்கேன். இப்பவே செஞ்சுட்டீகன்னா நோன்பு தெறந்ததும் பள்ளிக்குப் போகச் சரியா இருக்கும்."

நல்ல யோசனை. செயலாளர் கொல்லைக்குப் போய்க் கை, வாய், முகம், தாடி, கால் எல்லாம் நிதானமாகக் கழுவினார். துடைக்கலாமென்று தேடினால் கொல்லைக் கொடியில் எப்போதும் தொங்குகிற துண்டைக் காணோம். தாடியில் சொட்டச் சொட்ட முன்ரூமுக்கு வந்தார். வந்தவர், உட்காராமல், ஆசையாக அந்தப் பையை ரெண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

ஃபித்ரா அரிசியைப் பள்ளிவாசல் வாசலில்தான் கொடுப்பார்கள். கொடுப்பவர்களும் ஒளு செய்த ஈரக்கையோடுதான் நிற்பார்கள், வாங்குபவர்களில் பாதிப் பேரும் ஈரக்கையோடுதான் வருவார்கள். இது கம்பத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பாய்க்கும் தெரியும். பை செய்த நாளெல்லாம் அது அவர் நினைப்பில் வரவே இல்லை.

முதலில் பை செயலாளரின் கையில் வழவழத்தது. பிறகு ஒட்டியது. உதறினார். கஞ்சிப் பசை விட்டுப் பை ஒரு ஓரமாகப் பிளந்தது, அரிசி தரையெல்லாம் சளசளவென்று கொட்டியது, அரிசி போனதும் தாள் இன்னும் நெருக்கமாக உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டது. "என்னய்யா இது?" என்று பதறி அவர் கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்ததில், கை தாடியில் பட்டது. தாடியும் ஈரம். இப்போது கையும் தாடியும் ஒரே வம்சம் ஆகிவிட்டன. பாய் ஓடிப்போய் ஒரு பக்கம் இழுத்தார். செயலாளர் தன் தாடி தன்னுடையது என்பதைச் சத்தமாக ஞாபகப்படுத்தினார்.

அந்த நேரத்தில் பாங்கு சொன்னது.

ரஃபியா பேரீச்சம்பழத்தை நீட்டினாள். செயலாளர் விடுபட்ட கையால் வாங்கி வாயில் போட்டார். மீசையோரத்தில் ஒட்டியிருந்த ஒரு துண்டுத் தாளும் கூடவே உள்ளே போனது. அவர் மென்றார். முன்ரூமில் மற்ற மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"கடல்பாசியா?" என்றார்.

"ஆமா செக்ரட்டரி பாய்," என்றார் பாய். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. சீனிதான் பத்தல."

பாய் ஆடுகிற மேஜையில் சாய்ந்துகொண்டார். முன்ரூம் போய்விட்டது. வெனிலா பாட்டில்கள் அவரை வரிசையாக நின்று பார்த்தன. இத்தனை நாள் சாரலிலும் பட்டினியிலும் மாடிப்படி ஏறி இறங்கியதெல்லாம் ஒரு தாடியில் போய் முடிந்ததே என்று நிஜமாகவே துக்கமாக இருந்தது.

பவுனுவும் ரஃபியாவும் தரையில் உட்கார்ந்து அரிசியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். சிந்தியதைச் சும்மா விட முடியாதே. ரஃபியா மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து அதில் அள்ளிப் போட்டாள். காடாத் துணி. வாயில் நாடா கோத்து இழுத்துக் கட்டுகிற மாதிரி தைத்திருந்தது. அரிசி கச்சிதமாக உள்ளே போய் உட்கார்ந்ததும் நாடாவை இழுத்துச் சுருக்கி, செயலாளர் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர்ச் சொம்பு நகர்த்துகிற மாதிரிதான் வைத்தாள்.

செயலாளர் பழக்கப்படி தொட்டார். ஈரக்கை. பை ஒன்றும் ஆகவில்லை. தூக்கினார். ஆட்டினார். சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரையும் தெளித்துப் பார்த்தார். "இது ஏதுத்தா?" என்று கேட்டார். பவுனுவின் தம்பி ஆண்டிபட்டிப் பக்கம் தறி வைத்திருப்பதாகவும், விற்பனைக்குப் போகாத துண்டுத் துணி சும்மா கிடப்பதாகவும், சும்மா தைத்துப் பார்த்ததாகவும் ரஃபியா சொன்னாள். ஒரு விஷயத்துக்கு இத்தனை சும்மா ஆகாது என்று பாய்க்குப் பட்டது. கஞ்சியைக் குடித்து முடிப்பதற்குள் செயலாளர் ஃபித்ரா முழுவதற்கும் அந்தப் பையையே தைக்கச் சொல்லிவிட்டார். அரிசி தீர்ந்ததும் கழுவி வேறெதுக்காவது வைத்துக்கொள்ளலாம், சாக்கடைக்கு வராது என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி. தாடியைத் தடவிக்கொண்டே பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுப் போனார். வாசல் தாண்டியும் எதையோ சப்புக்கொட்டிக்கொண்டு போனார்.

பாயும் தொழுகைக்குப் போனார். தலையைக் குனிந்துகொண்டு போனவர், திரும்பி வரும்போது நிமிர்ந்து வந்தார். நடையிலேயே ஒரு வேகம். வழியில் எங்கேயோ அவர் மூளையில் விளக்கு எரிந்திருக்கிறது.

"ரஃபியா," என்றார் வாசலிலிருந்தே, "பந்தயத்துல ஜெயிச்சது யாரு?"

"ஏன், அதான் பாத்தோமே."

"என்ன பாத்தோம்? பாலிசாக்கரைடு பைக்கு ஆர்டர் வரணும்னுதான பேச்சு? துணி எதுல செஞ்சது? பஞ்சுல. பஞ்சு என்னது?"

ரஃபியா அவரையே பார்த்தாள்.

"செல்லுலோசு," என்றார் பாய், ஒவ்வொரு எழுத்தாக. "பாலிசாக்கரைடு. ஒரே வம்சம். அன்னைக்கே நான் பாடம் நடத்துனேன். கைலிய வச்சே கேட்டியே. பை மக்குற பை, சரக்கு பாலிசாக்கரைடு, ஆர்டர் குடுத்தது ஜமாஅத்து. பெருநாளைக்கு இன்னும் நாள் கெடக்கு. பவுனு, நீ சாட்சி. நாயமாச் சொல்லு."

பவுனு நியாயமாக யோசித்தாள். "அண்ணே சொல்றது சரிதாங்க்கா. பேசினது அப்படித்தான்."

ரஃபியா தலையைக் குனிந்துகொண்டாள். தோற்றவர்கள் குனிகிற குனிவுதான். தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. அழுகிறாளோ என்று பாய்க்குப் பாவமாகக்கூட இருந்தது. முகத்தை முந்தியால் துடைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"நீங்கதான் ஜெயிச்சீக. நான் மறுக்கல. பேசினபடி முன்ரூமு பை வேலைக்குத்தான்."

"அதுதான் பேச்சு," என்றார் பாய் கம்பீரமாக.

"அப்ப நாளைக்கே காலி பண்ணிருங்க. பை தைக்க ஆரம்பிக்கணும்ல."

நடுவில் எங்கேயோ ஒரு படி தவறியிருக்கிறது, அது எந்தப் படி என்றுதான் பாய்க்குப் பிடிபடவில்லை. முதலிலிருந்து எண்ணிப் பார்த்தால் எல்லாப் படியும் அவர் போட்டதாகவே இருந்தது. தோற்றிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெருநாள் வரைக்கும் சாமான்களை அசைக்காமல் இருந்திருக்கலாம். ஜெயித்தவன் எப்படி அப்படிச் செய்வது?

மறுநாள் அவரே காலி பண்ணினார். வெனிலா பாட்டில்கள் கட்டிலுக்கு அடியில் போயின. காளான் பைகள் குப்பைக்குப் போயின. முயல் கூண்டைத் தூக்கியபோது அதற்குப் பின்னால் ஒரு பெரிய துணிக்கட்டு இருந்தது. ஆண்டிபட்டிக் காடாத் துணி. அவர் பாடம் நடத்திய வாரத்துச் செய்தித்தாளில் சுற்றியிருந்தது. பாதித் துணி ஏற்கெனவே பை அளவுக்கு வெட்டி அடுக்கப்பட்டிருந்தது. அடுக்குக்கு மேலே, நான்காக மடித்து, கொல்லைக் கொடியில் காணாமல் போன துண்டு இருந்தது.

பாய் அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தார். கோபம் வர வேண்டிய இடம்தான். வந்துவிட்டால் தேவலை என்றுகூடக் காத்திருந்தார். வரவில்லை. மாறாக, இப்படி ஒரு மூளையை இத்தனை வருஷம் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோமே என்றுதான் தோன்றியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டுபோய்க் கொடியில் போட்டார்.

அந்த வாரமே முன்ரூமில் ரெண்டு மெஷின்கள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தன. அடுப்படி மெஷின் ஒன்று, பவுனு வாடகைக்குப் பிடித்து வந்தது ஒன்று. வெளிச்சம் நேராகத் துணியில் விழுந்தது. மெஷினை மிதிக்கும்போது ரஃபியாவுக்குப் பாட்டு வரும் என்பதே பாய்க்கு இத்தனை நாள் தெரியாது. அடுப்படியில் அது குக்கர் சத்தத்தில் அமுங்கிப் போயிருந்தது. ஜெயித்த அறையில் தனக்கும் ஒரு இடம் வேண்டும் என்று அவர் கேட்டார். மறுக்காமல் கொடுத்தார்கள். வாசலை ஒட்டி, கூண்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, தைத்த பையைத் திருப்பிப் பிசிறு நூலை வெட்டி அடுக்குகிற இடம். கடையைச் சாத்திவிட்டு வந்ததும் அந்த வேலை. ஈரக்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து அடுக்குவார்.

பெருநாளைக்கு ரெண்டு நாள் முன்னால், மருமகளுக்கு ரவிக்கை தைக்க வடுகபட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வாசலில் மடியில் பையும் கையில் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்துத் தயங்கினாள்.

"இவுக யாருக்கா, புதுசா வேலைக்குச் சேந்தவுகளா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

ரஃபியா மெஷினை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"இல்லத்தா, அவுகதான் ஜெயிச்சவுக. அளவு ரவிக்கைய அவுக கையில குடு, நூலு வெட்டி முடிச்சதும் எடுத்து வப்பாக."